'தி ஒன் திங்': இரண்டாம் வாசிப்பில் எழுதிய குறிப்புகள்

கேரி கெல்லரும் ஜே பாப்பசானும் சேர்ந்து எழுதிய 'தி ஒன் திங்' 2013-ல் வந்த புத்தகம். நான் அதை முதலில் படித்தது நாலு வருஷத்துக்கு முன்னாடி. படித்ததோடு நிற்காமல் என் தங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்து அவரையும் படிக்க வைத்தேன். அதன்படி எங்கள் தொழிலில் ஒரு முடிவும் எடுத்தோம். அந்த முடிவு தப்பு. புத்தகத்தின் மேல் பழி போட இதை எழுதவில்லை, முடிவு என்னுடையதுதான். ஆனால் போன மாதம் திரும்ப எடுத்துப் படித்தபோது, அந்தத் தப்பு எந்தப் பக்கத்து யோசனையிலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

புத்தகம் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: கெல்லர் அமெரிக்காவில் ரியல் எஸ்டேட் தொழில் செய்பவர். 1983-ல் ஆஸ்டின் நகரத்தில் தொடங்கிய கெல்லர் வில்லியம்ஸ் நிறுவனத்தை நிறுவிய இருவரில் ஒருவர். அவர் சொல்வது ஒரே ஒரு விஷயம். செய்யவேண்டிய வேலைப் பட்டியலைக் கீழே வை. எந்த ஒரு வேலையைச் செய்தால் மற்றதெல்லாம் சுலபமாகுமோ, அல்லது தேவையே இல்லாமல் போகுமோ, அதைக் கண்டுபிடி. தினமும் நாலு மணி நேரம் அதற்கென்று ஒதுக்கு, மற்றதற்கு 'முடியாது' என்று சொல்லக் கற்றுக்கொள். இவ்வளவுதான். இதைச் சொல்ல இருநூறு பக்கத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்துக்குப் பக்கம் கட்டம், அம்புக்குறி, அடிக்கோடு. ஒரே விஷயத்தைப் பற்றிய புத்தகம் அதையே திரும்பத் திரும்பச் சொல்வது கொள்கைக்கு விசுவாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் பல வேலை செய்வது பற்றிய அத்தியாயம் உருப்படியானது. ஸ்டான்ஃபோர்டில் கிளிஃபோர்ட் நாஸ் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வை வைத்துப் பேசுகிறது. எப்போதும் நாலைந்து திரைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் அந்தச் சோதனைகளில் மற்றவர்களைவிட மோசமாகத்தான் செய்தார்கள். வேலையில் இருந்து வேலைக்குத் தாவும்போது மனசு பழையதை விட்டு வர நேரம் எடுக்கிறது என்பது, போனை வைத்துக்கொண்டு கணக்கு எழுதிய யாருக்கும் தெரியும். நேரம் ஒதுக்கும் யோசனையும் எங்களுக்கு வேலை செய்தது. காலை ஆறிலிருந்து பத்து வரை செக்கு ஓடும்போது யாரும் போன் எடுப்பதில்லை என்ற பழக்கம் இந்தப் புத்தகத்தால் வந்ததுதான். இன்றைக்கும் அது இருக்கிறது.

இப்போது செக்குக் கதை. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் எங்களுக்கு இரண்டு மரச்செக்கு. வாகை மரம், மோட்டாரில் ஓடுவது. மாப்பிள்ளை நடத்துகிறார். என்னுடைய பி.எஃப். பணத்தில் பாதி அதில் இருக்கிறது, அதனால் கணக்கு நான் பார்க்கிறேன். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றும் எங்கள் பேரில் பாட்டிலில் போகும். வெளியூர் வாட்ஸ்அப் குழுக்களில்தான் பாதி விற்பனை.

மாப்பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு யோசனை வரும். தேன் வாங்கி விற்கலாம். குதிரைவாலி, சாமை பாக்கெட் போடலாம். யூடியூப் சேனல் தொடங்கலாம். கோயமுத்தூரில் ஒரு கடை பிடிக்கலாம். தேங்காயெண்ணெயில் சோப்பு பண்ணலாம். எல்லாமே கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பாதி தொடங்கப்பட்டு, கால்வாசி முடிந்து, ஒரு அட்டைப்பெட்டி தேன் பாட்டில் மட்டும் கல்லாவுக்கு அடியில் மிஞ்சும். இந்த நிலைமையில்தான் நான் புத்தகத்தோடு போய் இறங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போட்டோம். எங்களுடைய 'ஒரே விஷயம்' என்ன? சொந்தப் பேரில் பாட்டில் எண்ணெய். மற்றதெல்லாம் வெட்டு. தேன், சிறுதானியம், யூடியூப், கடை நான்கும் போனது, சோப்பு நினைப்பையும் மூட்டை கட்டினோம். அதோடு நான் இன்னொன்றையும் வெட்டினேன்: கூலிக்கு ஆட்டுவதை.

தெரியாதவர்களுக்கு: அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் காட்டுக் கடலையையோ எள்ளையோ மூட்டையில் கொண்டு வருவார்கள். நாம் ஆட்டிக் கொடுத்துக் கூலி வாங்குவோம். சிலர் காசுக்குப் பதிலாகப் புண்ணாக்கை விட்டுவிட்டுப் போவார்கள். கணக்குப் பார்த்தால் இதில் வருமானம் ரொம்ப சொற்பம். செக்கோ மெதுவான யந்திரம், ஒரு தடவை ஆட்டி இறக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒருவர் பத்துக் கிலோ எள்ளோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தால் நம்ம பாட்டில் வேலை நின்றுவிடும். புத்தகம் சொல்கிற கவனச்சிதறல் என்றால் சாட்சாத் இதுதான் என்று நினைத்தேன். "இனிமே கூலி ஆட்டு இல்லீங்க" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டோம்.

"மச்சான், அந்தப் பெரியவரு மூட்டையத் திருப்பி வண்டியில ஏத்தறப்ப மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை கேட்டார்.

"அதப் பாத்தா தொழில் பண்ண முடியாதுங்க மாப்ள" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

ஒரு வருஷத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பாட்டில் விற்பனைகூட ஏறியது. அடுத்த அறுவடையில்தான் தெரிந்தது. கூலிக்கு ஆட்ட வந்தவர்கள்தான் எங்களுக்குக் கடலை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். "நம்ம காட்டுக் கடலை நாலு மூட்டை இருக்குது, எடுத்துக்கறீங்களா" என்று திண்ணையிலேயே பேச்சு முடியும். யார் காட்டுக் கடலை எவ்வளவு எண்ணெய் விடும், யார் நன்றாகக் காயவைப்பார், யார் ஈரத்தோடு கொண்டு வருவார் என்பதெல்லாம் அவர்கள் மூட்டையை ஆட்டி ஆட்டித்தான் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. நூறு கிலோ பருப்பு ஆட்டினால் நாற்பது கிலோ சொச்சம் எண்ணெய். அந்தச் சொச்சத்தில்தான் லாபம் இருக்கிறது, அந்தச் சொச்சத்தை முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர் இவர். அட்டை தொங்கியதும் அவர்கள் வேறு ஊர் செக்குக்குப் போனார்கள், கடலையும் அவர்களோடு போனது. நாங்கள் முன்பின் தெரியாத சரக்கை வெளியில் வாங்கினோம். அதில் ஒரு லாட் சரியாகக் காயாதது. எண்ணெய் இரண்டு மாதத்தில் காறல் வாடை அடித்தது. பாட்டில்கள் திரும்பி வந்தன. வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா போட்ட குரல்பதிவை நான் முழுசாகக் கேட்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திரும்பப் படித்தால், கெல்லர் தரும் உதாரணங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன. கே.எஃப்.சி. ஒரு கோழி சமையல் முறையில் தொடங்கியது, கூர்ஸ் ஒரே பீரை விற்று வளர்ந்தது, கூகுளின் ஒரே விஷயம் தேடல், அந்தத் தேடல்தான் விளம்பர வருமானத்துக்கு வழிவிட்டது என்கிறார். கடைசி உதாரணத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் தங்கள் தேடுபொறி பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறிகள் இயல்பிலேயே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று குறை சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் அவர்கள் தேடலை மற்ற தளங்களுக்கு உரிமம் கொடுத்துக் காசு பார்க்கத்தான் முயன்றார்கள், யாஹூ 2000-ல் அப்படி வாங்கிய ஒன்று. அதே வருஷம் அக்டோபரில்தான் ஆட்வேர்ட்ஸ் வந்தது. 1999-ல் யாராவது அவர்கள் கையில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால், தேடல்தான் உங்கள் ஒரே விஷயம், விளம்பரம் திசைதிருப்பல் என்று தாராளமாகச் சொல்லியிருக்கலாம். அவர்களே அப்படித்தானே எழுதி வைத்திருந்தார்கள். ஜெயித்த பிறகு திரும்பிப் பார்த்துக் கோடு போட்டால் எல்லாப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகிறார் என்ற குறை எல்லாத் தொழில் புத்தகத்துக்கும் பொருந்தும், அதை நீட்டவில்லை. என் குறை வேறு. வாசலில் வந்து நிற்பது கவனச்சிதறலா, இல்லை நாளைக்கு நம்மைக் காப்பாற்றப் போகிற தொழிலா என்று *முன்னாடியே* பிரித்துப் பார்க்க இந்தப் புத்தகத்தில் வழி இல்லை. அந்த ஒரு கேள்வியைக் கேள், பதில் வரும் என்கிறது. கேட்டேன், வந்தது. கூலி ஆட்டை நிறுத்தச் சொல்லி வந்தது.

இதற்கு எனக்குத் தெரிந்து சிறந்த பாடம் இன்டெல். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வருஷங்கள், இரண்டு திசைதிருப்பல்கள்.

ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968-ல் இன்டெலைத் தொடங்கியது நினைவகச் சில்லு செய்வதற்காக. அதுதான் அவர்களுடைய 'ஒரே விஷயம்', அதில் 1970-ல் வந்த 1103 பெரிய வெற்றியும் கூட. நடுவில் 1969-ல் பிஸிகாம் என்ற ஜப்பானியக் கணிப்பான் கம்பெனி வந்து, எங்கள் கணிப்பானுக்குச் சில்லுகள் செய்து தருவீர்களா என்று கேட்டது. கூலி ஆட்டு! அவர்கள் கேட்டது பலவகைச் சில்லுகள் கொண்ட ஒரு தொகுப்பு. டெட் ஹாஃப், அத்தனை தனித்தனிச் சில்லு வேண்டாம், நிரல் எழுதி ஓட்டக்கூடிய பொதுவான ஒன்று போதும் என்று யோசனை சொன்னார். ஃபெடெரிகோ ஃபாகின் 1970-ல் வந்து சேர்ந்து, பிஸிகாமின் மசதோஷி ஷிமாவோடு உட்கார்ந்து அதைச் செய்து முடித்தார். 1971 நவம்பரில் 4004 என்ற பெயரில் வெளியே விற்பனைக்கு வந்தது, 2,300 டிரான்சிஸ்டர்கள். பிஸிகாமுக்கு எழுதிக்கொடுத்திருந்த உரிமையை 60,000 டாலர் திருப்பிக் கொடுத்து இன்டெல் மீட்டுக்கொண்டது. பிறகு 1985-ல் ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் நினைவகத் தொழில் கையை விட்டுப் போனபோது, இன்டெல் அதைக் கைகழுவிவிட்டுச் செயலியைப் பிடித்துக்கொண்டு கரையேறியது. அந்த 'ஒரே விஷயத்தை' மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் கம்பெனி மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம்.

இன்னொரு திசைதிருப்பல் மைக்ரோமா. 1972-ல் இன்டெல் ஒரு டிஜிட்டல் கைக்கடிகாரக் கம்பெனியை வாங்கியது. நம்ம சில்லை நாமே கடிகாரத்தில் போட்டு விற்கலாம் என்ற கணக்கு. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான யோசனை இருக்க முடியாது. ஆனால் கடிகாரம் விற்பது என்றால் கடைக்காரர், விளம்பரம், வடிவம், பட்டை, ரிப்பேர் எல்லாம். இன்டெலுக்கு அதில் ஒன்றும் தெரியாது. 1976-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இருபது டாலருக்குக் கடிகாரம் இறக்கியது. 1978-ல் இன்டெல் கடையைக் கட்டியது. கார்டன் மூர் அந்தக் கடிகாரத்தை ரொம்ப வருஷம் கையில் கட்டியிருந்தாராம். மணி எவ்வளவு என்று கேட்டால், இது பதினைந்து மில்லியன் டாலர் கடிகாரம் என்று சொல்லிச் சிரிப்பாராம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1972-ல் நின்று பார்த்தால் கடிகாரம்தான் முதல் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரித் தெரியும். யாரோ கொடுத்த கணிப்பான் வேலை கூலி வேலையாகத் தெரியும். நடந்தது தலைகீழ்.

வித்தியாசம் என்ன? நான் போட்டுப் பார்த்த அளவுகோல் இது. கணிப்பான் வேலை இன்டெலின் கைக்கு ஏற்கெனவே பழகிய வேலையையே இன்னும் கஷ்டமாகச் செய்யச் சொன்னது. அதே சிலிக்கான், அதே பட்டறை, அதே ஆட்கள். கடிகாரம் புதுசாக இன்னொரு கையை முளைக்க வைக்கச் சொன்னது. அதோடு, கணிப்பானைக் கேட்டு வந்தவர் பணத்தோடும் பிரச்சினையோடும் வாசலில் நின்ற ஒரு நிஜ ஆள். கடிகாரம் வாங்கப் போகிறவர் கற்பனையில் இருந்தார்.

எங்கள் பட்டியலை இதே அளவுகோலில் வைத்தால், தேனும் சிறுதானியமும் யூடியூபும் மைக்ரோமா. கூலி ஆட்டு பிஸிகாம். அதே செக்கு, அதே ஆள், மூட்டையோடு வாசலில் நிற்கிற பெரியவர். இரண்டும் 'மற்ற வேலைகள்' என்ற ஒரே தலைப்பில் என் பட்டியலில் கிடந்தன, நான் ஒரே கோட்டில் அடித்துவிட்டேன்.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்ற ஒரே நோக்கம், அதில் பெரும்பங்கு கண்புரை அறுவை. கெல்லர் பார்த்திருந்தால் தூக்கிக் கொண்டாடியிருப்பார். ஆனால் இதே மருத்துவமனைதான் 1992-ல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தானே தயாரிக்க இறங்கியது. வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழை நோயாளிக்கு எட்டாததாக இருந்ததுதான் காரணம். மருத்துவமனைக்கு எதற்குத் தொழிற்சாலை என்று பட்டியல் போடுகிறவர் கேட்பார். என் அளவுகோலும் இங்கே கொஞ்சம் தடுமாறும், லென்ஸ் செய்வது டாக்டர் கைக்குப் பழகிய வேலை இல்லையே. ஆனால் லென்ஸ் கிடைக்காமல் தவித்த நோயாளி அவர்கள் மேஜையிலேயே படுத்திருந்தார். அப்படிப் பார்த்தால் 'ஒன்று' என்பது பொருளும் இல்லை, யந்திரமும் இல்லை, யாருக்காக என்பதுதான் என்று தோன்றுகிறது.

அளவுகோல் முழுசாக உடைகிற இடமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 1945-ல் மகாராஷ்டிராவின் அமல்நேரில் வனஸ்பதி செய்யத் தொடங்கிய கம்பெனிதான் விப்ரோ. என் பேச்சைக் கேட்டிருந்தால் அஜீம் பிரேம்ஜி இன்னும் எண்ணெய்தான் விற்றுக்கொண்டிருப்பார். அவர்கள் சோப்பும் செய்கிறார்கள். மாப்பிள்ளை இந்தப் பத்தியைப் படிக்காமல் இருக்கவேண்டும்.

ஆராய்ச்சி விஷயத்தில் புத்தகத்துக்கு வயதாகிவிட்டது, அதையும் சொல்லவேண்டும். மனஉறுதி என்பது பேட்டரி மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீரும், அதனால் முக்கிய வேலையைக் காலையிலேயே செய் என்கிறது ஒரு அத்தியாயம். மனஉறுதி தீர்ந்துபோகும் என்ற அந்தக் கருத்தை 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துத் திரும்பச் சோதித்தன. விளைவு ஏறக்குறைய பூஜ்யம். குழந்தைகள் முன்னால் மிட்டாயை வைத்துக் காத்திருக்கச் சொல்லும் மார்ஷ்மெல்லோ சோதனையும் அதே அத்தியாயத்தில் வருகிறது. 2018-ல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அதன் சக்தி பெரும்பாலும் கரைந்துவிட்டது. 2013-ல் எழுதியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பழக்கம் படிய 66 நாள் என்று சொல்வது வேறு. அது லண்டனில் நடந்த ஓர் ஆய்வின் நடுமதிப்பு. அதே ஆய்வில் கணக்கிட்ட நாட்கள் ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை போகின்றன. அந்த அகலத்தைக் குறிப்பிட்டுவிட்டும் கடைசியில் ஒற்றை எண்ணையே நம் கையில் கொடுப்பது, எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பார்க்கிற இந்தப் புத்தகத்தின் பழக்கத்தோடு சேர்ந்ததுதான்.

மார்ஷ்மெல்லோ விஷயம் எனக்கு இன்னொன்றை ஞாபகப்படுத்துகிறது. நாளைக்கு நிச்சயம் கிடைக்கும் என்று நம்பிக்கை உள்ள குழந்தைதான் காத்திருக்கும். ஒரே தொழிலில் நிற்பதும் அப்படித்தான். எங்கள் தெருமுனை பெட்டிக்கடைக்காரர் ரீசார்ஜ் போடுகிறார், பூ விற்கிறார், சாயங்காலம் போண்டா போடுகிறார், ஆடி மாதத்தில் கம்பங்கூழ். அவரைப் பார்த்து 'கவனம் சிதறுகிறது' என்று சொல்ல முடியுமா? ஒன்று படுத்தால் இன்னொன்று அன்றைய அரிசிக்கு. தினமும் நாலு மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொள்ள, கதவும் வேண்டும், வெளியே நிற்பவரைச் சமாளிக்க ஓர் ஆளும் வேண்டும். எங்களுக்கே அது என் பி.எஃப். பணத்தால்தான் முடிந்தது. புத்தகம் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பரிந்துரைப்பேனா? மாப்பிள்ளை மாதிரி ஆட்களுக்கு, ஆமாம். வாரம் ஒரு யோசனையில் தொழிலைச் சிதறடிப்பவருக்கு முதல் ஐம்பது பக்கம் நல்ல மருந்து. என் மாதிரி ஆட்களுக்கு வேண்டாம். எதையாவது வெட்ட ஒரு காரணம் கிடைக்குமா என்று கணக்கு நோட்டோடு காத்திருப்பவனுக்கு இந்தப் புத்தகம் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறது.

கூலி ஆட்டைத் திரும்பத் தொடங்கிவிட்டோம், திங்களும் வியாழனும் மட்டும். மற்ற நாள் காலையில் பாட்டில் வேலைதான், போன் கிடையாது. பழைய ஆட்களில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். அந்தப் பெரியவர் வரவில்லை. மாப்பிள்ளை இரண்டு தடவை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். "அங்கயே பழகிப்போச்சு தம்பி" என்றாராம்.

போன வாரம் மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சிலிக்கோன் சோப்பு அச்சு, ஆறு குழி, விலையோடு. கீழே, "மச்சான், கூலிக்கு ஆட்ட வர்ற ரெண்டு பேரு தேங்காயெண்ணெ சோப்பு கெடைக்குமான்னு கேட்டாங்க" என்று எழுதியிருந்தார். உண்மையிலேயே கேட்டார்களா, இல்லை என் அளவுகோலைப் புரிந்துகொண்டு எழுதுகிறாரா என்று தெரியவில்லை. இன்னும் பதில் போடவில்லை.